டால்ஸ்டாயைத் தோட்டத்துக்கு அழைத்து வருவது எப்படி?

டால்ஸ்டாய் எங்கே, ரந்தாவ் தோட்டம் எங்கே? நெகிரி செம்பிலான் தோட்டமொன்றில் ஐரோப்பியப் பேரிலக்கியங்களைத் தமிழில் படிக்க ஒரு வாசிப்பு வட்டம் என்றதும் பலரும் இப்படித்தான் கேட்பார்கள். கேட்பவர்கள் ஒன்றை மறந்துவிடுகிறார்கள். தோட்டத்துப் பெரியவர்கள் பலருக்கு விக்டர் ஹியூகோவை ஏற்கெனவே தெரியும். அவர் பெயர்தான் தெரியாது.

திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டிய காலத்தவர்களிடம் 'ஏழை படும் பாடு' என்று சொல்லிப் பாருங்கள். நாகையாவின் முகம் அவர்கள் நினைவுக்கு வரும். 1950இல் கே. ராம்நாத் இயக்கிய அந்தப் படம், ஹியூகோவின் 'லே மிசெராப்ல' நாவலிலிருந்து வந்தது. அதற்கும் முன்னரே கவியோகி சுத்தானந்த பாரதியார் அந்த நாவலை அதே பெயரில் தமிழுக்குக் கொண்டு வந்திருந்தார். படத்தில் ஜாவெர் என்ற காவல் அதிகாரியின் பாத்திரத்தை ஏற்ற சீதாராமனுக்கு அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது. கடைசிவரை அவர் 'ஜாவர்' சீதாராமன்தான். 1862இல் பாரிசில் பிறந்த ஒரு கதாபாத்திரத்தின் பெயர் ஒரு தமிழ் நடிகரின் முன்பெயர் ஆகிவிட்டது. இதைவிட நெருங்கிய உறவு வேறென்ன வேண்டும்?

ஆகவே படிக்கலாமா வேண்டாமா என்பதல்ல கேள்வி. எதை முதலில் எடுப்பது என்பதுதான் கேள்வி. இது சிறிய விஷயமல்ல. ஒரு தோட்டத்தில் இன்று தமிழ் நூல் படிக்க எத்தனை பேர் கூடுவார்கள்? எட்டுப் பேர், பத்துப் பேர் வந்தால் பெரிது. விடியற்காலைப் பிரட்டுக்குப் போய், செம்பனைக் குலை வெட்டி, வீடு திரும்பிக் குளித்துவிட்டு மண்டபத்துக்கு வருகிறவருக்குக் கையில் இருப்பது ஒன்றரை மணி நேரம். முதல் நூல் அவரை ஏமாற்றினால் மூன்றாம் வாரம் அவர் வரமாட்டார். அவர் வராவிட்டால் அவரோடு வரும் பிள்ளையும் வராது. தொடக்கப்பள்ளியோடு தமிழ்ப் படிப்பு நின்றுபோன அந்தப் பிள்ளைக்குத் தமிழில் ஒரு முழு நூலைக் கேட்க வேறு வாய்ப்பு அமையாமலே போகலாம்.

பெரிய பெயரைப் பார்த்து மயங்க வேண்டாம்

புதிய வட்டங்கள் செய்யும் முதல் தவறு, உலகின் தலைசிறந்த நாவல் எது என்று விசாரித்து அதையே எடுப்பது. டால்ஸ்டாயின் 'வார் அண்ட் பீஸ்' நாவலை 'தினமணி'யின் முதல் ஆசிரியர் டி.எஸ். சொக்கலிங்கம் தமிழாக்கினார். மாபெரும் உழைப்பு, ஐயமில்லை. ஆனால் 500க்கும் மேற்பட்ட பாத்திரங்கள் வரும் அந்த நாவலை வாரம் ஒரு முறை கூடும் வட்டம் முடிப்பதற்குள் ஒன்றிரண்டு ஆண்டுகள் ஓடிவிடும். அதற்குள் இரண்டு பேர் வேலைக்காகச் சிரம்பானுக்கோ நீலாய்க்கோ குடிபெயர்ந்திருப்பார்கள்.

அதே டால்ஸ்டாய் 1886இல் எழுதிய ஒரு சிறுகதை இருக்கிறது. ஒரு மனிதனுக்கு எவ்வளவு நிலம் தேவை என்பதே அதன் கேள்வி. பாகோம் என்ற குடியானவன், சூரியன் எழுந்து மறைவதற்குள் எவ்வளவு நிலத்தைச் சுற்றி நடக்கிறானோ அவ்வளவும் அவனுக்கே என்ற ஒப்பந்தத்தில் இறங்குகிறான். ஓடுகிறான், ஆசை இழுக்கிறது, ஓடிக்கொண்டே இருக்கிறான். முடிவு பலருக்குத் தெரியும். ஒரே அமர்வில் படித்து முடித்து, தேநீர் குடித்துக்கொண்டே பேசலாம். தோட்டத்தில் இந்தக் கதைக்கு வேறொரு பக்கமும் உண்டு. மூன்று தலைமுறை உழைத்தும் ஒரு சாண் நிலம் சொந்தமில்லாமல், தோட்டம் விற்கப்பட்டு வீடமைப்புப் பகுதியானபோது குடியிருந்த வீட்டைக் காலி செய்த குடும்பங்கள் நம்மிடையே ஏராளம். பேராசை கூடாது என்ற பாடம் அவர்களுக்கு எதற்கு என்று யாராவது கேட்கத்தான் செய்வார்கள். கேட்கட்டும். வட்டம் உயிரோடு இருப்பதற்கு அதுவே அடையாளம்.

அடுத்து செக்காவ் எழுதிய 'வான்கா'. மாஸ்கோவில் ஒரு செருப்புத் தைப்பவரிடம் வேலை பழக விடப்பட்ட ஒன்பது வயதுச் சிறுவன், தன்னை வந்து அழைத்துப்போகும்படி ஊரிலுள்ள தாத்தாவுக்குக் கடிதம் எழுதுகிறான். முகவரி எழுதத் தெரியாமல் கிராமத்தையும் தாத்தாவையும் மட்டும் குறிப்பிட்டுத் தபாலில் போடுகிறான். தமிழ்நாட்டு ஊருக்குக் கடிதம் எழுதிவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்த பாட்டன் பாட்டியரின் பேரப்பிள்ளைகளுக்கு இந்தக் கதையை விளக்க ஆள் தேவையில்லை.

தழுவலா, மொழிபெயர்ப்பா?

நூல் வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. தமிழில் ஐரோப்பிய இலக்கியம் இரண்டு வழிகளில் வந்தது. கதையை எடுத்துக்கொண்டு ஆட்களுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டி, தமிழ் மண்ணில் நடமாட விட்டது தழுவல். 1891இல் வெளிவந்த சுந்தரம் பிள்ளையின் 'மனோன்மணீயம்' லிட்டன் பிரபுவின் ஆங்கிலக் கதையொன்றைத் தழுவியது. ஆரணி குப்புசாமி முதலியார் ரெய்னால்ட்ஸின் ஆங்கில நாவல்களைத் தழுவி எழுதிக் குவித்தார். ஜெமினியின் 'வஞ்சிக்கோட்டை வாலிபன்' (1958) படத்துக்குள் டூமாவின் மாண்டி கிறிஸ்டோ பிரபு இருக்கிறார். இவையெல்லாம் சுவையானவை. ஆனால் ஐரோப்பிய நாவலைப் படிக்க வேண்டும் என்று கூடியவர்களுக்கு இவை போதா.

மொழிபெயர்ப்பிலும் முழுமை, சுருக்கம் என இரண்டு உண்டு. ஹியூகோவின் மூல நாவல் 365 அத்தியாயங்கள் கொண்டது. கையில் இருக்கும் தமிழ்ப் பதிப்பின் பருமனைப் பார்த்தாலே அது எந்த வகை என்று தெரிந்துவிடும். சுருக்கப் பதிப்பைத் தாழ்வாக நினைக்க வேண்டியதில்லை. சுருக்கம் என்று தெரிந்து படித்தால் போதும்.

நேராக மூலமொழியிலிருந்து வந்ததா, ஆங்கிலம் வழியாக வந்ததா என்று சிலர் துருவிக் கேட்பார்கள். காம்யூவின் 'அந்நியன்' நாவலை வெ. ஸ்ரீராம் பிரெஞ்சிலிருந்தே தமிழாக்கினார். காஃப்காவின் 'விசாரணை'யை ஏ.வி. தனுஷ்கோடி ஜெர்மனிலிருந்து தந்தார். க.நா.சு.வோ ஆங்கிலம் வழியாக நார்வேயையும் சுவீடனையும் கொண்டு வந்தார். மதுரைப் பேராசிரியர் எம்.ஏ. சுசீலாவின் 'குற்றமும் தண்டனையும்' (2007), 'அசடன்' (2011) ஆகிய இரண்டு தஸ்தயெவ்ஸ்கி நாவல்களும் ஆங்கிலம் வழி வந்தவையே. மூலமொழி ஒரு சிறப்புதான். ஆனால் தோட்டத்து வட்டத்துக்கு அதைவிட நல்ல உரைகல் ஒன்று உண்டு: ஏதாவது ஒரு பக்கத்தைத் திறந்து உரக்கப் படித்துப் பாருங்கள். மூச்சு முட்டினால் நூலை மூடி வையுங்கள்.

இதற்குக் காரணம் இருக்கிறது. பத்துப் பேருக்கும் ஆளுக்கொரு பிரதி வாங்குவது பல இடங்களில் இயலாது. ஒரு நூல்தான் இருக்கும், ஒருவர்தான் படிப்பார், மற்றவர்கள் கேட்பார்கள். லயத்து வாசலில் ஒருவர் நாளிதழைப் படிக்க நாலு பேர் சுற்றி உட்கார்ந்து கேட்டதும், பெரிய எழுத்து நல்லதங்காள் கதையை ராகம் போட்டுப் படித்ததும் இதே முறைதான். தமிழ் எழுத்தைத் தடுமாறிப் படிக்கும் இளைஞருக்கும், எழுத்தே தெரியாத மூதாட்டிக்கும் இந்த முறையில் சம இடம் கிடைக்கும்.

ரஷ்யப் பெயர் என்ற முள்வேலி

ரஷ்ய நாவலைக் கீழே வைப்பவர்கள் பெரும்பாலும் பெயர்களால்தான் வைக்கிறார்கள். ரோடியான் ரொமானவிச் ரஸ்கோல்னிகோவ் என்பவனே வீட்டில் ரோத்யா. ஒரே ஆள் மூன்று பெயர்களில் வந்தால் கேட்பவர் என்ன செய்வார்? ஆனால் மலேசியத் தமிழருக்கு இது புரியாத விஷயமில்லை. ரொமானவிச் என்றால் ரொமானின் மகன். நம் அடையாள அட்டையில் பெயருக்கும் தந்தை பெயருக்கும் நடுவே நிற்கும் 'ஏ/எல்' செய்யும் வேலையைத்தான் அந்த 'விச்' செய்கிறது. பெயரேட்டில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர், பட்டப்பெயராக இன்னொன்று என்று வாழும் தோட்டத்தில் ரோத்யாவை அடையாளம் காண முடியாதா? பழைய நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் பெரிய எழுத்தில் பெயர்களை எழுதிச் சுவரில் ஒட்டிவிட்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது.

ரஷ்ய இலக்கியத்தில் இளையோரை இழுக்க 'வெண்ணிற இரவுகள்' ஏற்றது. தஸ்தயெவ்ஸ்கி 1848இல் எழுதிய குறுநாவல், தமிழாக்கம் ரா. கிருஷ்ணையா. எஸ்.பி. ஜனநாதனின் 'இயற்கை' (2003) படத்துக்கு அடிப்படை இதுதான் என்று சொன்னால் போதும், பின்வரிசை முன்வரிசைக்கு வந்துவிடும். மாஸ்கோவின் முன்னேற்றப் பதிப்பகம் இத்தகைய நூல்களைக் கெட்டி அட்டையில், மிகக் குறைந்த விலையில் தமிழுக்குத் தந்தது. 1991இல் சோவியத் ஒன்றியம் சிதறியதோடு அந்த வரத்து நின்றது. சில நூல்கள் தமிழ்நாட்டில் மறுபதிப்பு கண்டன; மற்றவை பழைய தொழிற்சங்கவாதிகள், ஆசிரியர்கள் வீட்டு அலமாரிகளில் இருக்கக்கூடும். கடைக்குப் போகுமுன் அங்கே கேட்பது நல்லது.

தொழிற்சங்கம் என்றதும் மக்சீம் கார்க்கியின் 'தாய்' நினைவுக்கு வரும். தமிழில் தொ.மு.சி. ரகுநாதன். 1906ஆம் ஆண்டின் இந்த நாவலைக் கொடி பிடிக்கும் நூல் என்று ஒதுக்குவோரும் உண்டு, அதற்காகவே கொண்டாடுவோரும் உண்டு. இரு தரப்பும் தவறவிடுவது நீலவ்னா என்ற அந்தத் தாயை. குடித்துவிட்டு அடிக்கும் கணவனோடு காலம் தள்ளியவள். அவன் இறந்த பிறகு, மகன் படிக்கும் நூல்களில் என்ன இருக்கிறது என்று அறிய, நடுவயதைக் கடந்து எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றுக்கொள்கிறாள். மதுவால் சீரழிந்த வீடுகளைப் பார்த்த தோட்டத்துப் பெண்கள் முன்னால் அந்த முதல் அத்தியாயங்களைப் படித்தால் மண்டபம் அமைதியாகிவிடும். பெண்கள் வரக்கூடிய நேரத்தில் கூட்டத்தை வைத்தால்தான் அதுவும் நடக்கும்.

காட்டை அழித்தவனின் கதை

நெகிரி செம்பிலானில் ஒரு வட்டம் ஒரே ஒரு நீண்ட நாவலைத்தான் படிக்கும் என்றால், அது 'நிலவள'மாக இருக்கட்டும். நார்வேயின் நட் ஹாம்சன் 1917இல் எழுதியது, 1920இல் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்தது, தமிழில் க.நா.சு. ஐசாக் என்பவன் மனித வாடையற்ற காட்டுக்குள் தனியாக நடந்து வருகிறான். இடம் தேர்ந்து, மரம் வெட்டி, கல் பொறுக்கி, குடிசை போடுகிறான். பிளவுபட்ட உதடு கொண்ட இங்கர் என்ற பெண் வந்து சேர்கிறாள். ஆடு, மாடு, உருளைக்கிழங்கு, பிள்ளைகள் என வாழ்க்கை வளர்கிறது. பக்கம் பக்கமாக உழைப்புதான், ஆனால் அலுப்பதில்லை. காட்டைத் திருத்தியவர்களின் வழிவந்தவர்களுக்கு ஒவ்வொரு வரியும் கையில் தட்டுப்படும்.

வேறுபாடும் அங்கேதான். ஐசாக் திருத்திய நிலம் ஐசாக்குக்கே சேர்ந்தது. போர்ட்டிக்சனிலும் லாபுவிலும் ரப்பர் நட்டவர்களுக்குச் சேர்ந்தது நாட்கூலி. பகாவ் பக்கத்து வட்டமென்றால் இன்னொன்றையும் பேசலாம். 1943இல் ஜப்பானியர் ஆட்சியில் சிங்கப்பூரிலிருந்து யுரேஷியர்களும் சீனக் கத்தோலிக்கர்களும் அந்தக் காட்டுக்குக் குடியேற அனுப்பப்பட்டார்கள். விவசாயம் தெரியாத அந்த மக்களில் பலர் மலேரியாவுக்கும் பசிக்கும் பலியானார்கள். நிலம் எல்லாரையும் ஐசாக்கைப் போல வரவேற்பதில்லை.

இரண்டு எச்சரிக்கைகள். இங்கர், தன்னைப் போலவே உதடு பிளந்து பிறந்த பெண் குழந்தையைக் கொன்றுவிட்டுச் சிறை செல்கிறாள். சிறு பிள்ளைகள் இருக்கும் அமர்வில் அந்தப் பகுதியை முன்கூட்டியே பார்த்துக்கொள்ள வேண்டும். இரண்டாவது, ஹாம்சன் முதுமையில் ஹிட்லரின் கட்சியை ஆதரித்தார். 1943இல் தம் நோபல் பதக்கத்தையே கோயபல்ஸுக்கு அனுப்பினார். இதை மறைக்கக் கூடாது. சயாம் மரண ரயிலுக்கு ஆட்களைப் பறிகொடுத்த தோட்டங்களில் இதைச் சொல்லிவிட்டுத்தான் தொடங்க வேண்டும். அதன் பிறகும் படிப்பதா என்பதை வட்டம் முடிவு செய்யட்டும். வேண்டாம் என்றால் க.நா.சு.வின் 'அன்பு வழி' இருக்கிறது. இயேசுவுக்குப் பதிலாக விடுதலை பெற்ற பரபாஸைப் பற்றிய பேர் லாகர்குவிஸ்டின் சிறிய நாவல்.

'அந்நியன்', 'விசாரணை' போன்றவை முதலாண்டுக்கு வேண்டாம் என்பது பொதுவான அறிவுரை. முதல் நூலைப் பொறுத்தவரை சரி. ஆனால் என்ன குற்றம் என்றே தெரியாமல் அலுவலகம் அலுவலகமாக அலையும் காஃப்காவின் யோசஃப் கா.வை, பிறப்புப் பத்திரம் இல்லாத காரணத்தால் நீல அடையாள அட்டைக்குப் பல ஆண்டுகள் அலைந்த ஒருவர் புரிந்துகொள்ளும் அளவுக்குப் பேராசிரியர்கள் புரிந்துகொள்வார்களா என்பது ஐயமே. இரண்டாம் ஆண்டில் துணிந்து எடுக்கலாம். பிள்ளைகளுக்கு ஓர் அமர்வு ஒதுக்கினால் 'குட்டி இளவரசன்' போதும், தமிழாக்கியவர்கள் வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும். அதன் மலாய்ப் பதிப்பும் கிடைத்தால், தமிழில் தடுமாறும் பிள்ளை இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு கேட்கலாம்.

ஆங்கிலம் அறிந்த ஒருவர் வட்டத்தில் இருந்தால் இன்னொரு வேலையும் கொடுக்கலாம். சிலாங்கூரில் ரப்பர் தோட்டம் நடத்திய ஹென்றி ஃபோகோனியே என்ற பிரெஞ்சுக்காரர் எழுதிய 'மலேசி' என்ற நாவல் 1930இல் பிரான்சின் கோன்கூர் பரிசைப் பெற்றது. 'த சோல் ஆஃப் மலாயா' என்ற பெயரில் ஆங்கிலத்தில் வந்தது. துரையின் பங்களாத் திண்ணையிலிருந்து பார்த்த தோட்டம் அது. ஒரு வாரம் அதிலிருந்து பத்துப் பக்கத்தை வாய்மொழியாகத் தமிழில் சொல்லச் சொல்லலாம். அடுத்த வாரமே அகிலனின் 'பால்மரக் காட்டினிலே'யிலிருந்து பத்துப் பக்கம். அன்று கூட்டம் ஒன்பது மணிக்கு முடியாது, தேநீரைச் சற்று அதிகமாகவே போட்டு வைக்க வேண்டும்.