நாட்குறிப்பு: நம்மை நாமே அளக்கும் கருவி

புத்தாண்டு பிறந்ததும் நம்மில் பலருக்கு எங்கிருந்தாவது ஒரு டைரி வந்து சேர்ந்துவிடுகிறது. ஜனவரி முதல் நாளன்று பக்கம் நிறைய எழுதுகிறோம். பொங்கலுக்குள் அது நான்கு வரியாகச் சுருங்கிவிடுகிறது. பிப்ரவரியில் பால் கணக்கும் சலவைக் கணக்கும் மட்டுமே அதில் இடம் பெறுகின்றன. ‘வாழ்க்கையை எழுதி வைக்க நாம் என்ன பெரிய மனிதரா?’ என்று நமக்கு நாமே சமாதானமும் சொல்லிக்கொள்கிறோம்.

இந்த எண்ணம் எழுவதில் வியப்பில்லை. புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளெக்சிடம் துபாஷியாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை, 1736 முதல் 1761 வரை தமிழில் நாட்குறிப்பு எழுதினார். பதினெட்டாம் நூற்றாண்டுத் தென்னிந்தியாவைப் பற்றி அறிய விரும்பும் வரலாற்று ஆசிரியர்களுக்கு அது ஒரு புதையல். ஆனால் அந்தப் பயன் பின்னால் வந்தவர்களுக்குக் கிடைத்தது. எழுதுகிறவருக்கு, அவர் உயிரோடு இருக்கும்போதே, நாட்குறிப்பால் ஏதேனும் நன்மை உண்டா? இந்த வினாவுக்கு அறிவியல் தரும் விடையை இங்குக் காண்போம்.

இயற்பியல் ஆய்வுக்கூடத்தில் மாணவர்களுக்கு நாங்கள் முதல் நாளே சொல்லும் விதி ஒன்று உண்டு. அளவீட்டை எடுத்த உடனே, எடுத்த இடத்திலேயே குறித்துக்கொள்ள வேண்டும். ‘பிறகு எழுதிக்கொள்ளலாம்’ என்று மனத்தில் வைத்துக்கொண்டால், எண் மறந்துபோகலாம். அல்லது வரவேண்டிய விடைக்கு ஏற்ப அது நம்மை அறியாமலேயே சற்று வளைந்துவிடலாம். அன்றாட வாழ்க்கைக்கும் இவ்விதி பொருந்தும். ஏனெனில் மனித நினைவு என்னும் கருவியிலும் இதே இரண்டு குறைகள் இருக்கின்றன.

மறதியின் வேகம்

முதற்குறை மறதி. ஜெர்மானிய உளவியலறிஞர் ஹெர்மன் எபிங்ஹாஸ் தம்மையே சோதனைப் பொருளாக்கிக்கொண்டு மறதியை அளந்தார். பொருளற்ற அசைகளின் பட்டியல்களை மனப்பாடம் செய்தார். சில காலம் கழித்து அவற்றையே மீண்டும் மனப்பாடம் செய்தபோது, முதல் தடவையைவிட எவ்வளவு நேரம் மிச்சமாகிறது என்று கணக்கிட்டார். 1885-ஆம் ஆண்டில் வெளியான அவருடைய முடிவுகளின்படி, 20 நிமிடங்களுக்குப் பிறகு மிச்சமான நேரம் சுமார் 58 விழுக்காடு. ஒரு நாள் கழித்து அது சுமார் 34 விழுக்காடாகவும், ஒரு மாதம் கழித்து சுமார் 21 விழுக்காடாகவும் குறைந்தது.

இந்த எண்களைச் சற்று உற்று நோக்குங்கள். முதல் 20 நிமிடங்களில் ஏற்பட்ட இழப்பு 42 பங்கு. ஒரு நாள் முடிந்தபின் அடுத்த முப்பது நாட்களில் ஏற்பட்டதோ வெறும் 13 பங்கு. கதிரியக்கப் பொருள் சிதையும்போது அதன் அரை ஆயுள் மாறுவதில்லை என்று படித்திருப்பீர்கள். மறதி அவ்வாறு சீரான விகிதத்தில் நிகழ்வதில்லை. தொடக்கத்தில் மிக விரைவாகவும் பின்னர் மிக மெதுவாகவும் நிகழ்கிறது. நம் அன்றாட நிகழ்ச்சிகள் பொருளற்ற அசைகள் அல்ல. ஆகவே அவை இவ்வளவு விரைவில் மறைவதில்லை. எனினும் அன்றைய செய்தியை அன்றே எழுத வேண்டும் என்பதற்கு இது போதிய காரணமாகும்.

மாறிப்போகும் நினைவு

இரண்டாவது குறை இன்னும் கடுமையானது. நினைவு மங்குவதோடு நிற்பதில்லை. மங்கிய இடத்தில் வேறொன்றை வைத்துவிடுகிறது. அமெரிக்காவின் சாலஞ்சர் விண்வெளி ஓடம் 1986 ஜனவரி 28 அன்று வானில் சிதறி, அதில் சென்ற எழுவரும் உயிரிழந்தனர். மறுநாள் காலை உல்ரிக் நைசர் என்னும் உளவியலறிஞர், எமரி பல்கலைக்கழக மாணவர்களிடம் ஒரு வினாத்தாள் கொடுத்தார். அந்தச் செய்தியை எங்கே, யார் சொல்ல, என்ன செய்துகொண்டிருந்தபோது அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கினார். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுகளுக்குப் பிறகு அவர்களில் 44 பேரிடம் அதே வினாக்கள் மீண்டும் கேட்கப்பட்டன. இரு விடைகளும் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்று 7 மதிப்பெண்களுக்குத் திருத்தியபோது, சராசரி 3-ஐக்கூட எட்டவில்லை. 11 பேர் பெற்ற மதிப்பெண் சுழியம்!

அவர்களுள் பலர் தங்கள் தவறான விடையில் மிகுந்த உறுதியோடு இருந்தனர். அவர்கள் கைப்பட எழுதிய பழைய தாளைக் காட்டிய பிறகும் பழைய நினைவு திரும்பி வரவில்லை. புதிய நினைவு பழையதன் இடத்தை முற்றிலும் பிடித்துக்கொண்டது. அந்தத் தாள் மட்டும் இல்லாதிருந்தால், தாங்கள் தவறாக நினைக்கிறோம் என்பதே அவர்களுக்குத் தெரிந்திருக்காது.

நினைவு வெறுமனே மங்கியிருக்கும்போது நிலைமை இதைவிட நம்பிக்கையூட்டுவதாகும். டச்சு உளவியலறிஞர் வில்லெம் வாகனார் 1978 முதல் ஆறு ஆண்டுகள், நாளுக்கு ஒரு நிகழ்ச்சியாவது எழுதி வைத்து, பின்னர்த் தம் நினைவைத் தாமே சோதித்தார். என்ன நடந்தது, யார் இருந்தார், எங்கே, எப்போது என்ற நான்கையும் அவர் குறித்திருந்தார். தேதியை மட்டும் பார்த்து எதையும் நினைவுகூர்வது ஏறக்குறைய இயலாததாக இருந்தது. என்ன நடந்தது என்ற குறிப்பே பெரிதும் உதவியது. முற்றிலும் மறந்துவிட்டதாகத் தோன்றிய சில நிகழ்ச்சிகளும், உடனிருந்தவர்கள் மேலும் விவரம் சொன்னபோது திரும்பி வந்தன. ஆகவே மங்கிய நினைவை மீட்பதும், மாறிய நினைவைத் திருத்துவதும் நாட்குறிப்பின் இரு பணிகள் எனலாம்.

ஒரு நாளும் அறுபது நாட்களும்

இதனால் நமக்கு என்ன ஆதாயம் என்று கேட்கலாம். ஒரு மாணவரை எடுத்துக்கொள்வோம். ‘எனக்குக் கணக்கு வராது, எவ்வளவு படித்தாலும் பயனில்லை’ என்று அவர் நம்புகிறார். அதை நம்பியே பாடப் பிரிவைத் தேர்ந்தெடுக்கவும் போகிறார். அவருடைய வாழ்க்கையின் திசையையே மாற்றக்கூடிய இந்த முடிவுக்கு ஆதாரம் எது? நினைவு மட்டுமே. மனம் சோர்ந்திருக்கும் வேளையில் சோர்வான நிகழ்ச்சிகளே எளிதில் நினைவுக்கு வரும் என்பதை உளவியலறிஞர்கள் கண்டிருக்கிறார்கள். தோல்வியுற்ற தேர்வு பளிச்சென்று தெரியும். தாமே போட்டு முடித்த கணக்குகள் தெரியமாட்டா.

இதே மாணவர் நாள்தோறும் மூன்று வரி எழுதியிருந்தால்? எத்தனை மணி நேரம் படித்தார், எந்த இடத்தில் தடுமாறினார், எது விளங்கியது என்பவை அறுபது நாட்களுக்குக் கைவசம் இருக்கும். படித்தது நான்கு மணி நேரம் என்று எண்ணியிருந்தது உண்மையில் ஒன்றரை மணி நேரமே என்று தெரியவரலாம். அல்லது மூன்று வாரங்களுக்கு முன் சிக்கலாக இருந்த பகுதி இப்போது எளிதாகிவிட்டது புலப்படலாம். இரண்டுமே நல்ல செய்திகள்தாம். ஏனெனில் இரண்டும் உண்மை.

தனி ஊசலின் அலைவு நேரத்தைக் காண ஒரே ஓர் அலைவை அளந்தால் பிழை மிகுதியாக இருக்கும். இருபது அலைவுகளை அளந்து இருபதால் வகுக்கிறோம். நாட்களும் அப்படியே. ஒரு நாளின் குறிப்பு ஒன்றையும் நிறுவாது. பல நாட்களின் குறிப்பு போக்கைக் காட்டும். அடிக்கடி தலைவலி வருகிறவர்களிடம், வலி வந்த நேரம், உறக்கம், உணவு ஆகியவற்றைக் குறித்து வரும்படி மருத்துவர்கள் சொல்வதும் இதற்காகவே.

ஃபாரடேயின் குறிப்பேடு

நாட்குறிப்பால் பெரும்பயன் பெற்ற அறிவியலறிஞர் மைக்கேல் ஃபாரடே. மின்காந்தத் தூண்டலை அவர் கண்ட 1831 ஆகஸ்டு 29-ஆம் நாளின் குறிப்பு இன்றும் இருக்கிறது. இரும்பு வளையத்தில் சுற்றிய இரு கம்பிச்சுருள்களும், மின்கலத்தை இணைக்கும்போதும் துண்டிக்கும்போதும் மட்டுமே அசைந்த காந்த ஊசியும் அதில் இடம்பெறுகின்றன. 1825-இல் இதே நோக்கத்தோடு முயன்று பலன் காணாததையும் அவர் எழுதத் தவறவில்லை.

1832 முதல் தம் குறிப்புகளின் பத்திகளுக்கு வரிசை எண் இட்டார். இறுதியில் அந்த எண் 16,041-ஐ எட்டியது. இத்தனை ஒழுங்கு எதற்கு? 1840-ஐ ஒட்டி அவருடைய உடல்நலம் குன்றியது. நினைவாற்றல் குறைந்துவருவதாக நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் அவர் வருந்தியிருக்கிறார். அப்படிப்பட்ட நிலையிலும் 1845-இல், காந்தப் புலம் ஒளியின் முனைவாக்கத் தளத்தைச் சுழற்றுவதைக் கண்டுபிடித்தார். தலையில் தங்காததைத் தாளில் தங்க வைத்தார். தேவைப்பட்டபோது எண்ணைப் பார்த்து எடுத்துக்கொண்டார்.

மனச்சுமை குறையுமா?

அமெரிக்க உளவியலறிஞர் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் அவருடைய மாணவி சாண்ட்ரா பீலும் 1986-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். கல்லூரி மாணவர்கள் 46 பேர் தொடர்ந்து நான்கு நாட்கள், நாளுக்கு 15 நிமிடம் எழுதினர். சிலர் சாதாரணச் செய்திகளை எழுதினர். மற்றவர்கள் தங்களை மிகவும் பாதித்த நிகழ்ச்சியை எழுதினர். நடந்ததையும் அதைப் பற்றித் தாங்கள் உணர்ந்ததையும் சேர்த்து எழுதியவர்கள், எழுதிய உடனே சற்று வருத்தமடைந்தனர். ஆனால் அடுத்த ஆறு மாதங்களில் அவர்கள் உடல்நல மையத்துக்குச் சென்ற தடவைகள் மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தன.

இதைக் கேட்டு எழுத்தைச் சர்வரோக நிவாரணி என்று எண்ணிவிடக் கூடாது. இத்தகைய 146 ஆய்வுகளை ஒருங்கே ஆராய்ந்து 2006-இல் வெளியான கட்டுரை, பயன் உண்டு, ஆனால் சராசரியாக அது சிறியதே என்று கண்டது. மேலும், ஒரே துயரத்தை ஒரே விதமாக நாள்தோறும் எழுதுவது புண்ணைக் கிளறுவதாகவே முடியும். ‘ஏன் இப்படி நடந்தது? இதிலிருந்து என்ன புரிகிறது?’ என்று எழுத்து முன்னேறிச் செல்கிறவர்களுக்கே நன்மை மிகுதியாக இருப்பதைப் பென்னிபேக்கர் பின்னர்க் கண்டார். தாங்க முடியாத துயரில் இருப்பவர் தாளை மட்டும் நம்பாமல் மருத்துவரையோ, நம்பிக்கைக்குரிய ஒருவரையோ நாடுவதே முறை.

உறக்கத்தைப் பற்றியும் ஒரு செய்தி உண்டு. 2018-இல் வெளியான ஓர் ஆய்வில், இளைஞர்கள் 57 பேர் படுக்கும் முன் ஐந்து நிமிடம் எழுதினர். வரும் நாட்களில் செய்ய வேண்டியவற்றைப் பட்டியலிட்டவர்கள், செய்து முடித்தவற்றை எழுதியவர்களைவிடச் சராசரியாக 9 நிமிடம் முன்னதாக உறங்கினர். ‘மறந்துவிடக் கூடாதே’ என்று மனம் சுமந்துகொண்டிருந்ததைத் தாள் வாங்கிக்கொண்டதே காரணம் எனக் கருதலாம்.

எப்படி எழுதுவது?

விலையுயர்ந்த டைரி தேவையில்லை. நாற்பது பக்க நோட்டு போதும். கைப்பேசியில் எழுதுவதானாலும் தவறில்லை. பக்கத்தை நிரப்ப வேண்டும் என்ற கட்டாயமே பலரைப் பிப்ரவரியில் நிறுத்திவிடுகிறது. ஆகவே ஐந்து வரியோடு நிறுத்துங்கள்.

முதல் இரண்டு வரிகளில் அன்று என்ன நடந்தது, யார், எங்கே என்று எழுதுங்கள். மூன்றாவது வரியில் நீங்கள் கவனித்துவரும் ஏதேனும் ஓர் அளவு இருக்கட்டும்: படித்த நேரம், செலவு, உறக்கம், நடந்த தூரம். நான்காவது வரி நீங்கள் உணர்ந்ததும் அதற்கான காரணமும். கடைசி வரி நாளைய வேலை. ஒரு நாள் விட்டுப்போனால் அந்த இடத்தைக் கற்பனையால் நிரப்ப வேண்டாம். வெற்றிடமாகவே விட்டுவிட்டு மறுநாள் தொடருங்கள். பழைய வரியைத் திருத்தவும் வேண்டாம். இன்று வேறு விதமாகத் தோன்றினால், இன்றைய தேதியில் எழுதுங்கள். பிறர் படித்துவிடுவார்களோ என்ற அச்சம் இருந்தால் உண்மை எழுதவராது. ஆகையால் நோட்டைப் பத்திரமாக வையுங்கள். வீட்டிலுள்ளவர்களும் அடுத்தவர் நோட்டைப் புரட்டாதிருக்க வேண்டும்.

மாதம் ஒரு முறை, அரை மணி நேரம் ஒதுக்கி, எழுதியதை முதலிலிருந்து படித்துப் பாருங்கள். அளவுகள் எடுத்து அட்டவணையிட்டு, வரைபடம் வரையாமலே மூடிவைத்தால் சோதனை முடிந்ததாகுமா? நாட்குறிப்பும் அப்படித்தான். ‘எனக்கு இது வராது’ என்றோ ‘நான் எப்போதுமே இப்படித்தான்’ என்றோ அடுத்த முறை நீங்கள் சொல்ல நேரும்போது, நோட்டைத் திறந்து அது உண்மைதானா என்று பாருங்கள்.