யானை இலத்தியில் ஒரு பொங்கல் வாழ்த்து

பிள்ளைகளே, கேகாலை மாவட்டத்துப் பின்னவலையில் யானைகள் மா ஓயாவில் குளிப்பதை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். தாயைப் பிரிந்த குட்டிகளை வளர்க்க 1975இல் தொடங்கிய இடம் அது. அந்தப் பக்கத்துக் கடைகளில் சொரசொரப்பான வாழ்த்து அட்டைகள் விற்கிறார்கள். தடவினால் விரலில் நார் நெருடும். யானை இலத்தியில் செய்த கடதாசி அது! கேகாலையில் ‘மெக்சிமஸ்’ என்ற நிறுவனம் 1997இல் இந்தத் தொழிலைத் தொடங்கியது. பெயரைக் கவனியுங்கள்: ஆசிய யானையின் விஞ்ஞானப் பெயர் ‘எலிபஸ் மெக்சிமஸ்’.

மூக்கைப் பொத்த வேண்டாம், அட்டையில் வாடையே இராது. ஏன் என்று பார்ப்போம்.

வளர்ந்த யானை ஒன்று நாளைக்கு 150 கிலோ அளவுக்குத் தின்னும். கித்துல், தென்னோலை, பலாவிலை, புல் என்று எல்லாம் உள்ளே போகும். மாட்டைப் போல அது அசைபோடுவதில்லை. தின்றதில் பாதிகூடச் செரிப்பதில்லை, மீதி நாராகவே வெளியே வந்துவிடும். அந்த நாரில் இருப்பது செலுலோசு. கடதாசித் தொழிற்சாலைகள் மரத்தை வெட்டி, சிராய்களாக்கி, இரசாயனத்தில் அவித்து எடுப்பதும் இதே செலுலோசைத்தான். இங்கே வேலையின் முதல் பாதியை யானையின் பல்லும் குடலும் முடித்துக் கொடுத்துவிடுகின்றன.

இலத்தியைக் காயவைத்து, கழுவி, நன்றாக அவிப்பார்கள். கிருமிகள் சாகும், வாடை தரும் பொருட்கள் தண்ணீரோடு போய்விடும். மிஞ்சுகிற நாரோடு கழிவுக் கடதாசியையும் சேர்த்துக் கூழாக அடித்து, சட்டத்தில் கட்டிய வலையில் பரப்பி, பிழிந்து உலர்த்துவார்கள். யானை என்ன தின்றதோ அதைப் பொறுத்துத் தாளின் நிறமும் சொரசொரப்பும் மாறும்.

பசையே போடாமல் கூழ் எப்படித் தாளாக ஒட்டிக்கொள்கிறது? எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான். ஈரக்கூழ் உலரும்போது, நார்களுக்கு இடையில் இருக்கும் தண்ணீர் வற்றிக்கொண்டே அவற்றை நெருக்கி இழுக்கிறது. மிக அருகில் வந்ததும் ஒரு நாரின் ஐதரசன் அணுக்கள் அடுத்த நாரின் ஒட்சிசன் அணுக்களை ஈர்க்கின்றன. இதை ஐதரசன் பிணைப்பு என்பார்கள். ஒரு பிணைப்பு மிகவும் பலவீனமானது. கோடிக்கணக்கில் சேரும்போது, பிள்ளைகள் கைகோத்து நிற்கும் வரிசையைப் போல அறுபடாமல் நிற்கும். மீண்டும் நனைத்தால் தண்ணீர் உள்ளே புகுந்து பிணைப்பைப் பிரித்துவிடும். மழையில் நனைந்த கொப்பி பிய்ந்து போவது அதனால்தான்.

இப்போது வரைகலைக்கு வருவோம். இலச்சினையும் அட்டையும் வடிவமைக்கப் படிக்கிற மாணவி ஒருத்தி, பென்சிலை எடுக்குமுன் கடதாசியைத் தடவிப் பார்க்க வேண்டும். நார்களுக்கு இடையில் நுண்ணிய இடைவெளிகள் உள்ளன. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இந்த இடைவெளிகளில் மை ஊர்வதும் ஒரே விதியால்தான். இலத்திக் கடதாசியில் மயிரிழைக் கோடு போட்டால் மை பரவிக் கலங்கிவிடும். ஆகவே தடித்த கோடு, பெரிய வடிவம், ஓரிரு நிறம். ஒரு யானை, ஒரு பொங்கல் பானை, ஒரு கரும்பு போதும். எதன்மேல், எப்படி அச்சிடப் போகிறோம் என்பதுதான் வடிவத்தைத் தீர்மானிக்கிறது என்பது என் திடமான கருத்து.

இதற்குச் சான்று நம் எழுத்திலேயே இருக்கிறது. பனையோலையில் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை ஓட்டையாகும். அதனால் ஏடெழுதிய பலர் மெய்யெழுத்துக்குப் புள்ளி வைக்காமலே எழுதினார்கள். சிங்கள எழுத்துகளின் உருண்டை வடிவுக்கும் ஓலையைத்தான் காரணமாகச் சொல்வார்கள்: நாரின் போக்கிலே நேர்கோடு கீறினால் ஓலை கிழிந்துவிடும்.

இன்னொரு சான்று தேயிலைத் தொழிற்சாலையில் இருந்தது. உங்கள் தாத்தா காலத்தில் தேயிலைத்தூள் பலகைப் பெட்டிகளில் கொழும்புக்குப் போனது. தோட்டத்தின் பெயர், தூளின் தரம், நிறை எல்லாவற்றையும் தகட்டில் வெட்டிய அச்சை வைத்து, மேலே மை பூசிப் பதிப்பார்கள். ‘பி.ஓ.பி’ (BOP) என்ற தரத்தை ஆங்கிலப் பெரிய எழுத்தில் எழுதிப் பாருங்கள். முதல் எழுத்துக்குள் இரண்டு மூடிய வட்டம், அடுத்த இரண்டிலும் ஒவ்வொன்று. தகட்டில் வெட்டினால் அந்த நடுத்துண்டுகள் நான்கும் கழன்று விழுந்துவிடும்! விழாமல் பிடிக்க இடையிடையே சிறு பாலம் விட்டு வெட்டுவார்கள். பெட்டி எழுத்துகளில் தெரியும் அந்த வெட்டு அழகுக்காக வந்ததில்லை. பிறகு வந்த வடிவமைப்பாளர்களுக்கு அது பிடித்துப்போய், தேவையில்லாத இடத்திலும் அதையே வரைகிறார்கள். தமிழ் ‘ப’வை வெட்டுவது எளிது, ‘ம’வுக்குப் பாலம் வேண்டும். உங்கள் பெயருக்கு எத்தனை பாலம் வேண்டும் என்று கணக்குப் போடுங்கள்.

இன்று தூள் கடதாசிப் பைகளில் போகிறது. கடைக்கு வரும் பக்கற்றில் வாளேந்திய சிங்கத்தைக் காண்பீர்கள். அது இலங்கைத் தேயிலைச் சபையின் இலச்சினை. முழுக்க முழுக்க இலங்கைத் தேயிலையாக இருந்து, இலங்கையிலேயே பொதி செய்யப்பட்டால்தான் அதைப் போடலாம். இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களில் பறித்த கொழுந்தும் அந்தச் சிங்கத்தின் கீழ் கடல் கடந்து போவதுண்டு.

வாழ்த்து அட்டையின் கதையிலும் அச்சு முறைதான் வடிவத்தைத் தீர்மானித்தது. 1843இல் இலண்டனில் ஹென்றி கோல் என்பவர் விற்பனைக்கான முதல் கிறிஸ்மஸ் அட்டையை வெளியிட்டார். படத்தைக் கல்லச்சில் ஒரே நிறத்தில் அடித்து, மற்ற நிறங்களைக் கையால் தீட்டினார்கள்.

நீங்களும் ஒரு சோதனை செய்யுங்கள். பழைய பத்திரிகைத் தாளை மேலிருந்து கீழாகக் கிழியுங்கள். பிறகு இடமிருந்து வலமாக. ஒரு திசையில் நேராகக் கிழியும், மற்றதில் கோணல்மாணலாகப் போகும். இயந்திரத்தில் கூழ் ஓடும் திசையிலேயே நார்களில் பெரும்பாலானவை படுத்துவிடுவதே காரணம். அட்டையையும் நார் படுத்த திசையில் மடித்தால் மடிப்பு வெடிக்காது. கையால் செய்த தாளில் நார்கள் எல்லாப் பக்கமும் கிடக்கும், அதற்குத் திசை இல்லை.

அடுத்து, எழுதி முடித்த கொப்பித் தாள்களைக் கிழித்து ஒரு நாள் ஊறவைத்துப் பிசையுங்கள். பழைய நுளம்பு வலையைச் சட்டத்தில் இறுக்கிக் கட்டி, கூழை மெல்லிதாகப் பரப்பி, துணியால் ஒற்றி வெயிலில் வையுங்கள். காய்ந்த தாளில் பெயின்ற் தொட்டு ஒரு பொங்கல் வாழ்த்து வரையுங்கள். நிறம் பரவினால் தாளைக் குறை சொல்லாமல், கோட்டைத் தடிப்பாக்கி மறுபடி வரையுங்கள். முதல் அட்டையை உங்கள் வகுப்பாசிரியருக்குக் கொடுங்கள்.