துபாயில் விவாகரத்து: குழந்தையோடு ஊருக்கு வந்துடலாமா?

நமக்கு வர்ற வாய்ஸ் நோட்டுகள்ல ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வருது. "அக்கா துபாய்ல இருக்கா. இனிமே சேர்ந்து வாழ முடியாதுன்னு முடிவு பண்ணிட்டா. குழந்தையைக் கூட்டிக்கிட்டு ஊருக்கு வந்துடட்டுமா? கேஸை இங்க வந்து பாத்துக்கலாம்ல?"

கேட்கிறவருக்கு இது ஒரு விமான டிக்கெட் விஷயம். ஆனால் அந்த டிக்கெட்டை எடுக்கிறதுக்கு முன்னாடி தெரிஞ்சுக்க வேண்டியது நிறைய இருக்கு. இன்னைக்கு அதைத்தான் பேசப் போறேன். நான் சொல்வது பொதுவான விளக்கம் மட்டும்தான். உங்க கேஸுக்கு வக்கீலைத்தான் பார்க்கணும்.

முதல்லயே சாரத்தைச் சொல்லிடுறேன். அமீரகத்தில் விவாகரத்து வாங்குவது இப்போது பலருக்கு முன்பைவிட எளிது. ஆனால் அங்கே வாங்கிய காகிதம் இந்தியாவில் தானாகச் செல்லாது. குழந்தை பற்றிய உத்தரவு இன்னும் கஷ்டம்.

ஒரே கட்டடம், ரெண்டு சட்டம்

கராமாவில் ஒரு அபார்ட்மென்ட்னு வெச்சுக்கோங்க. மூணாவது மாடியில் ஒரு தமிழ் இந்துக் குடும்பம், அஞ்சாவது மாடியில் ஒரு தமிழ் முஸ்லிம் குடும்பம். ரெண்டும் கற்பனைதான். ரெண்டு வீட்டிலும் ஆறு வயசுல ஒரு குழந்தை. ரெண்டு ஜோடியும் பிரியறாங்க.

மூணாவது மாடிக்குப் பொருந்துவது முஸ்லிம் அல்லாதவர்களுக்கான 2022-ஆம் ஆண்டின் 41-ஆம் எண் சட்டம். 2023 பிப்ரவரி 1-ல் அமலுக்கு வந்தது. அபுதாபி அதற்கும் முன்னாலேயே, 2021-ல், தனக்கென்று ஒரு சட்டம் போட்டுவிட்டது. இந்தச் சட்டப்படி கணவனோ மனைவியோ, ஒருவர் பிரிய விரும்புகிறார் என்று கோர்ட்டில் சொன்னாலே போதும். அடித்தார், ஏமாற்றினார் என்று எதையும் நிரூபிக்க வேண்டாம். கட்டாய சமரசப் பேச்சும் கிடையாது. மற்றவருக்கு முறையாகத் தகவல் கொடுத்த பிறகு, முதல் அமர்விலேயே விவாகரத்து கிடைக்கலாம். ஜீவனாம்சம் எவ்வளவு என்பதை முடிவு செய்யும்போது திருமணம் எத்தனை வருஷம் நீடித்தது, மனைவியின் வயது, இருவரின் பொருளாதார நிலை போன்றவற்றைக் கோர்ட் பார்க்கும்.

அஞ்சாவது மாடிக்கு வேறு சட்டம். அது 2024-ஆம் ஆண்டின் 41-ஆம் எண் சட்டம். 2005-ல் இருந்து நடைமுறையில் இருந்த பழைய சட்டத்துக்குப் பதிலாக 2025 ஏப்ரல் 15-ல் அமலுக்கு வந்தது. (ரெண்டுமே 41-ஆம் எண்தான், வருஷத்தைப் பார்த்துக் குழப்பிக்காதீங்க.) இது ஷரீஅத் அடிப்படையிலானது. தலாக், குல்உ, பாதிப்பை நிரூபித்துக் கேட்கும் பிரிவு என்று வழிகள் தனித்தனி. கணவர் தலாக் சொன்னால் 15 நாளுக்குள் அதைக் கோர்ட்டில் பதிவு செய்தாக வேண்டும். போதைக்கோ மதுவுக்கோ அடிமையான துணையிடமிருந்து பிரிவு கேட்கும் உரிமை இருவருக்கும் உண்டு.

மூணாவது மாடிக்காரர்கள் அமீரகச் சட்டம் வேண்டாம், எங்கள் நாட்டுச் சட்டப்படி முடிவு செய்யுங்கள் என்றும் அந்தக் கோர்ட்டில் கேட்கலாம். பெரும்பாலானோருக்கு இது தெரியறதே இல்ல. இதை இப்போ மனசுல வெச்சுக்கோங்க, கொஞ்ச நேரத்துல இதுக்குத் திரும்பி வர்றேன்.

குழந்தை யாரோடு?

மூணாவது மாடியில் பதில் எளிது: இருவரோடும். விவாகரத்துக்குப் பிறகும் பெற்றோர் இருவருக்கும் சமமான கூட்டுப் பொறுப்பு, குழந்தைக்கு 18 வயது ஆகும்வரை. இவரோடு விட முடியாது என்று ஒருவர் நினைத்தால், காரணத்தோடு கோர்ட்டுக்குப் போக வேண்டும்.

அஞ்சாவது மாடியில் ரெண்டு வார்த்தைகள் புரியணும். ஒன்று ஹளானத். குழந்தையை உடன் வைத்து வளர்ப்பது. இன்னொன்று விலாயத். கார்டியன் பொறுப்பு, அதாவது குழந்தையின் சொத்து, சட்டப்படியான பெரிய முடிவுகள். வளர்ப்பதில் முதல் உரிமை அம்மாவுக்கு. கார்டியன் பொறுப்பு வழக்கமாக அப்பாவிடம். "குழந்தை எனக்குத்தான் கிடைச்சிருக்கு"ன்னு ஒரு அம்மா சொல்லும்போது, அதன் அர்த்தம் எல்லா முடிவும் அவர் கையில் என்பதல்ல.

பழைய சட்டத்தில் அம்மாவோடு இருக்கும் வயது பையனுக்கு 11, பெண்ணுக்கு 13 என்று இருந்தது. புதுச் சட்டம் இருவருக்கும் 18 ஆக்கிவிட்டது. 15 வயதானால் யாரோடு இருப்பது என்று பிள்ளையே தேர்ந்தெடுக்கலாம், அது பிள்ளையின் நலனுக்கு எதிராக இல்லாதவரை. ஆறு வயசுக் குழந்தை இருக்கிற நம்ம அஞ்சாவது மாடி அம்மாவுக்கு இது பெரிய மாற்றம்.

இப்போ டிக்கெட் விஷயம். புதுச் சட்டத்தில் பெற்றோர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 60 நாள் வரை குழந்தையோடு வெளிநாடு போய் வரலாம். போய் "வர"லாம், அதைக் கவனிங்க. அனுமதி இல்லாமல் குழந்தையை நாட்டை விட்டுக் கொண்டுபோனால் அபராதமும் சிறையும்கூட வரலாம். இது தவிர, ஒரு தரப்பு கேட்டால் கோர்ட் குழந்தைக்குப் பயணத் தடை போட முடியும். அந்தத் தடை இருந்தால், லக்கேஜ் போட்டுட்டு வரிசையில் நிற்கும்போது இமிக்ரேஷன் கவுண்டர்ல நிறுத்திடுவாங்க. இது ரெண்டு மாடிக்கும் பொருந்தும்.

விமானம் சென்னையில் இறங்கியதும்

சரி, எந்தத் தடையும் இல்லை, ஊருக்கு வந்துட்டாங்க. இனிமே என்ன?

முதல்ல விவாகரத்து. 1991-ல் நம் உச்ச நீதிமன்றம் ஒரு அளவுகோல் வகுத்தது. வெளிநாட்டுக் கோர்ட்டின் விவாகரத்து இங்கே செல்ல வேண்டும் என்றால், எந்தச் சட்டப்படி கல்யாணம் நடந்ததோ அந்தச் சட்டம் ஏற்கும் காரணத்துக்காக அது தரப்பட்டிருக்க வேண்டும். அல்லது எதிர்த்தரப்பு அந்தக் கோர்ட்டின் தீர்ப்புக்குத் தானாக முன்வந்து சம்மதித்திருக்க வேண்டும்.

மூணாவது மாடிக்காரர்கள் கல்யாணம் இந்து திருமணச் சட்டப்படி நடந்தது. அந்த 1955-ஆம் ஆண்டுச் சட்டத்தில் "எனக்குப் பிரியணும், அவ்வளவுதான்" என்பது ஒரு காரணமே கிடையாது. பரஸ்பர சம்மதம் இருக்கு. கொடுமை, கைவிடுதல் மாதிரியான காரணங்கள் இருக்கு. ஆகவே கணவர் மட்டும் தனியாகப் போய் வாங்கிய துபாய் தீர்ப்பு, மனைவி ஒத்துக்கொள்ளாத நிலையில், இங்கே நிற்காமல் போகலாம். அங்கே விவாகரத்து ஆனவர். இங்கே இன்னும் கல்யாணமானவர். அந்த நிலையில் இன்னொரு கல்யாணம் செய்தால் அது இருதார மணம் ஆகிவிடும் அபாயம். "எங்கள் நாட்டுச் சட்டப்படி" என்று கேட்கும் உரிமையை மனசுல வெச்சுக்கச் சொன்னது இதுக்குத்தான். இருவரும் சம்மதித்து, இந்தியச் சட்டம் ஏற்கும் காரணத்தில் வாங்கிய தீர்ப்புக்கு இங்கே பலம் அதிகம்.

அஞ்சாவது மாடிக்கும் கவனம் தேவை. உடனடி முத்தலாக் 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி இங்கே செல்லாது, குற்றமும்கூட. குல்உ கேட்கும் பெண் தனியார் ஷரீஅத் கவுன்சிலிடம் சான்றிதழ் வாங்கினால் போதாது, குடும்ப நீதிமன்றத்துக்குப் போக வேண்டும் என்று சென்னை உயர் நீதிமன்றம் 2023-ல் சொன்னது.

அடுத்து குழந்தை. ஒரு நாட்டிலிருந்து இன்னொரு நாட்டுக்குக் கொண்டுபோன குழந்தையைத் திருப்பி அனுப்ப 1980-ஆம் ஆண்டின் ஹேக் ஒப்பந்தம் என்று ஒன்று இருக்கிறது. இந்தியா அதில் சேரவில்லை. அமீரகமும் சேரவில்லை. அதனால் அங்கே வாங்கிய கஸ்டடி உத்தரவை இங்கே நீட்டி "குழந்தையைக் கொடு" என்று கேட்டால் வேலை முடிந்துவிடாது. 2020 ஜனவரியில் அமீரகத் தீர்ப்புகளை இங்கே நேரடியாக நிறைவேற்ற வழி செய்யும் அறிவிப்பு வந்தது உண்மை. ஆனால் சிவில் நடைமுறைச் சட்டத்தின் அந்த 44-ஏ பிரிவு பேசுவது பணத் தீர்ப்புகளைப் பற்றி. குழந்தையைப் பற்றி அல்ல.

வெளிநாட்டு உத்தரவைக் கோர்ட் ஒரு அம்சமாகப் பார்க்கும், ஆனால் கடைசி அளவுகோல் குழந்தையின் நலன் மட்டும்தான் என்று உச்ச நீதிமன்றம் 2017-ல் தெளிவாகச் சொன்னது. கேட்க நல்லா இருக்கு. நடைமுறையில் என்ன ஆகும்? குழந்தை "வழக்கமாக வசிக்கும்" இடம் துபாயா சென்னையா என்பதிலேயே வழக்கு தொடங்கும். இங்கே ஒரு கேஸ், அங்கே ஒரு கேஸ். நடுவுல ஒரு குழந்தை ஒண்ணாங்கிளாஸ் எங்க படிக்கிறதுன்னு தெரியாம நிக்கும். அப்பா அங்கே இருந்தால் வீடியோ காலில் மட்டும் பார்க்கும். அம்மா திரும்பி அமீரகம் போகவே பயப்படுவார்.

அப்போ அக்கா என்ன செய்யணும்?

ஒண்ணு, டிக்கெட்டுக்கு முன்னாடி ரெண்டு வக்கீல். ஒருத்தர் அங்க, ஒருத்தர் இங்க. ஒருத்தரை மட்டும் கேட்டா பாதிப் பதில்தான் கிடைக்கும்.

ரெண்டு, கல்யாணச் சான்றிதழும் குழந்தையின் பிறப்புச் சான்றிதழும் கையில இருக்கணும். அட்டெஸ்டேஷன் முடிச்சு, அரபி மொழிபெயர்ப்போட. அமீரகக் கோர்ட்ல இது இல்லாம வண்டி நகராது.

மூணு, விசா கணவர் பெயர்ல இருந்தா பதறி ஓட வேண்டாம். விவாகரத்தான பெண் ஸ்பான்சர் இல்லாமல் ஒரு வருஷம் அங்கேயே தங்க 2018-ல் வழி வந்தது. வேலை தேட, கஸ்டடி கேஸ் நடத்த அந்த நேரம் பயன்படும்.

நாலு, ரெண்டு பேரும் பேசிக்கிற நிலைமையில இருந்தா, குழந்தை எந்த நாட்டில் வளரும், லீவுக்கு யாரோட, ஸ்கூல் ஃபீஸ் யார், பாஸ்போர்ட் யார் கையில என்று எழுதி, கோர்ட் மூலமா பதிவு செய்யுங்க. அதே ஒப்பந்தத்தோட இங்கேயும் ஒரு உத்தரவு வாங்கிடுங்க. சண்டையில ஜெயிச்ச உத்தரவைவிட ரெண்டு பேரும் கையெழுத்து போட்ட காகிதம்தான் ரெண்டு நாட்டிலும் நல்லா நிக்கும்.

பயணத் தடை இல்லைன்னு உறுதியான பிறகு, எழுத்துல சம்மதம் வாங்கின பிறகு, அக்கா தாராளமா குழந்தையோட ஊருக்கு வரலாம். வீட்டில் அடி, மிரட்டல் இருந்தால் மட்டும் இந்த வரிசையெல்லாம் பார்த்துக்கிட்டு இருக்காதீங்க. முதல்ல அங்கேயே போலீஸுக்குச் சொல்லுங்க, இந்தியத் தூதரகத்தைக் கூப்பிடுங்க. மத்ததெல்லாம் பாதுகாப்புக்கு அப்புறம்தான்.

இதைக் கேட்ட உடனே யாருக்கு அனுப்பணும்னு உங்களுக்குத் தெரியும். அனுப்பிடுங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்.