கால் எடுத்தும் வேகம் குறையாத கார்

காஞ்சிபுரத்தை அடுத்த தாமலில் வீட்டு வாசலிலேயே இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிய மின்சாரக் கார் ஒன்று, விடிகாலையில் பட்டுப்புடவைக் கட்டுகளோடு சென்னைக்குக் கிளம்புகிறது என்று வைத்துக்கொள்வோம். நெடுஞ்சாலையில் ஏறியதும் முன்னால் ஒரு லாரி. ஓட்டுபவர் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கிறார். நேற்று மாலை கால் எடுத்த மாத்திரத்தில் சட்டென்று வேகம் குறைந்த அதே வண்டி, இன்று தன் பாட்டுக்கு உருண்டு போகிறது. பதறி பிரேக்கை மிதிக்கிறார், நிற்கிறது. ஆனாலும் வண்டியில் ஏதோ கோளாறு என்ற சந்தேகம் மனதில் உட்கார்ந்துவிடுகிறது.

கோளாறு எதுவும் இல்லை. மின்சாரக் காரில் கால் எடுத்ததும் மோட்டாரே ஜெனரேட்டராக மாறி, வண்டியின் ஓட்டத்தை மின்சாரமாக்கி பேட்டரிக்குத் திருப்பி அனுப்பும். வேகம் குறைவது அதனால்தான். பேட்டரி 100 சதவீதம் நிரம்பியிருந்தால் அந்த மின்சாரத்தை வாங்கிக்கொள்ள இடமில்லை. ஆகவே பல கார்கள் இந்த இழுப்பைக் குறைத்துவிடும், சில நேரம் நிறுத்தியேவிடும். பேட்டரி மிகவும் குளிர்ந்திருந்தாலும் இதே கதைதான். தாமலில் அந்தக் குளிருக்கு வாய்ப்பில்லை. ஏற்காட்டில் இரவு தங்கி, ஃபுல் சார்ஜோடு காலையில் மலை இறங்குபவர்கள் முதல் விஷயத்தைக் கட்டாயம் தெரிந்து வைத்திருக்க வேண்டும்.

கைத்தறியில் மிதியை அழுத்தினால் கயிறு இழுக்கும், பாவு பிரியும். நடுவில் யாரும் யோசிப்பதில்லை. மின்சாரக் காரின் ஆக்சிலரேட்டர் அப்படிப்பட்ட மிதி அல்ல. நாம் மிதிப்பது ஒரு விண்ணப்பம். பேட்டரி நிலவரம், வெப்பம், தேர்ந்தெடுத்த மோடு எல்லாவற்றையும் பார்த்துவிட்டுக் கம்ப்யூட்டர்தான் எவ்வளவு தருவது என்று முடிவு செய்கிறது.

அந்த முடிவு நிஜமான பழுதாலும் மாறலாம். தாமலைத் தொட்டுச் செல்லும் இதே சென்னை–பெங்களூரு சாலையில், ஸ்ரீபெரும்புதூர் அருகே ஹூண்டாய் ஆலை இருக்கிறது. அந்நிறுவனம் 2024-இல் இந்தியாவில் 1,744 ஐயோனிக் 5 கார்களைத் திரும்ப அழைத்தது. சார்ஜிங்கைக் கவனிக்கும் ஒரு பாகம் பழுதானால் 12 வோல்ட் பேட்டரி இறங்கிப்போகலாம் என்பதுதான் காரணம். இந்தப் பழுது வந்தால் திரையில் எச்சரிக்கை வரும்; பிறகு எவ்வளவு மிதித்தாலும் வேகம் படிப்படியாகக் குறையும். அப்போது இண்டிகேட்டர் போட்டு ஓரம் கட்டுவதே புத்திசாலித்தனம்.

இதற்கு நேர்மாறான புகாரும் உண்டு. டெஸ்லா கார்கள் தாமாகப் பாய்கின்றன என்று 200-க்கும் மேற்பட்ட புகார்களுடன் ஒரு மனு அமெரிக்கச் சாலைப் பாதுகாப்பு அமைப்பிடம் போனது. 2021 ஜனவரியில் அது சொன்ன பதில்: வண்டியில் குறை இல்லை, பிரேக் என்று நினைத்து ஆக்சிலரேட்டரை மிதித்திருக்கிறார்கள். அத்தோடு விஷயம் முடிந்ததா? சீன அரசு 2023 மே மாதம் வேறு கோணத்தில் பார்த்தது. கால் எடுத்ததும் வரும் இழுப்பின் அளவை ஓட்டுபவர் தேர்ந்தெடுக்க வழியில்லை. ஆக்சிலரேட்டரை நெடுநேரம் ஆழமாக மிதித்தால் போதிய எச்சரிக்கையும் இல்லை. இதனால் தவறாக மிதிக்கும் வாய்ப்பு கூடுகிறது என்றது. சுமார் 11 லட்சம் டெஸ்லா கார்களுக்கு மென்பொருள் மாற்றப்பட்டது.

எனக்கு இந்த இரண்டாவது பார்வைதான் நியாயமாகப் படுகிறது. பிரேக் தொடாமலே ஓட்டலாம் என்று காலைப் பழக்கிவிட்டு, அவசரத்தில் அந்தக் கால் தடுமாறினால் பழி முழுவதையும் ஓட்டுபவர் தலையில் கட்டுவது சரியில்லை. நம் ஷோரூம்களில் சாவி கொடுக்கும்போது மாலை போடுகிறார்கள், ஃபோட்டோ எடுக்கிறார்கள், ஸ்வீட் கொடுக்கிறார்கள். ஃபுல் சார்ஜில் வண்டி எப்படி நடந்துகொள்ளும் என்பதையும் சேர்த்துச் சொல்லிக் கொடுத்தால் என்ன?

புதிதாக வாங்குபவர்கள் இதை விடாமல் கேளுங்கள். காலியான சாலையில் ஒவ்வொரு இழுப்பு அளவையும் மாற்றி ஓட்டிப் பாருங்கள். மறுநாள் நீண்ட பயணம் இல்லையென்றால் சார்ஜை 80 அல்லது 90 சதவீதத்தோடு நிறுத்துங்கள். அவசரமாக நிற்க வேண்டுமென்றால் பிரேக் மிதியை முழுசாக அழுத்துங்கள். பேட்டரி நிரம்பியிருந்தாலும் சக்கரத்தைப் பிடிக்கும் பிரேக் தன் வேலையைச் செய்யும்.