எருக்கஞ்செடிக்கு ஒரு ஸ்டே ஆர்டர்!

“தம்பி... லேடீஸ் ஹாஸ்டல் காம்பவுண்டு பக்கம் குப்புறப் படுத்துக்கிட்டு என்னத்தப்பா போட்டோ எடுக்குற?”

2025 மார்ச் மாசம், காலை ஏழே முக்கால் மணி. திருச்சிக்கு வெளியே இருக்கும் எங்க இன்ஜினீயரிங் காலேஜில், மெஸ்ஸுக்குப் பின்னாடி வாட்ச்மேன் அண்ணன் என்னைக் கையும் களவுமாகப் பிடித்த நேரம் அது. போனைப் பிடுங்கி கேலரியைத் திறந்தார். ஒண்ணு... ரெண்டு... இருபது... நாற்பது. எல்லாமே வண்ணத்துப்பூச்சி. அதிலும் பாதிக்குமேல் பறந்துபோன வண்ணத்துப்பூச்சியின் பின்பக்கம், மீதி வெறும் இலை. அண்ணன் முகத்தில் கோபம் போய் பரிதாபம் வந்துவிட்டது. “நல்லாப் படிக்கிற பையன்னு நெனச்சேன்...” என்று போனைத் திருப்பிக் கொடுத்தார்.

ஃப்ரெண்ட்ஸ், நானும் நல்லாப் படிக்கிற பையன்தான். இன்டர்னல்ஸுக்கு முந்தின நாள் ஆர்.ஓ. பிளான்ட் பக்கம் போகாமல் இருந்திருந்தால் இன்னும் நல்லாவே படித்திருப்பேன்.

எங்க மெஸ்ஸில் குடிதண்ணீர் சுத்தம் பண்ணும் ஆர்.ஓ. மெஷின் இருக்கு. அதிலிருந்து வெளியேறும் கழிவுத் தண்ணீர், பின்னாடி இருக்கும் காலியிடத்தில் போய் நிற்கும். அந்த ஈரத்தை நம்பி ஒரு குட்டிக் காடே வளர்ந்திருக்கு. எருக்கு, தும்பை, ஆவாரை, உண்ணிச்செடி, தேள்கொடுக்கு, நடுவில் மெஸ்ஸுக்காகத் தோட்டக்கார அக்கா வைத்த நாலு கறிவேப்பிலை, ஒரு நார்த்தை. யாரும் டிசைன் பண்ணாத தோட்டம். பூச்சி மருந்துகூட அடிப்பதில்லை. “மருந்தெல்லாம் முன்பக்க புல்லுக்குத்தான் வாங்கித் தர்றாங்க தம்பி, பின்னாடிக்கு எவன் தருவான்?” என்பார் அக்கா. அதுதான் அந்த இடத்தின் அதிர்ஷ்டம்.

இங்கிலீஷ் படங்களில் ஸ்பிரிங் வந்தால் பூப் பூக்கும், வண்ணத்துப்பூச்சி பறக்கும். நம்ம கணக்கில் இளவேனில் சித்திரை, வைகாசி. திருச்சி வெயிலில் நின்றுகொண்டு அதை ‘இளம்’ என்று சொல்ல யாருக்கும் மனசு வராது, பாஸ்! நம்ம சமவெளியில் வண்ணத்துப்பூச்சிக்கு நிஜமான கொண்டாட்டம் மழைக்குப் பிறகுதான். பங்குனி பிறந்தால் சுற்றுவட்டாரமே காய்ந்து கிடக்கும். அப்போது எங்கே ஈரம், எங்கே பூ இருக்கோ அங்கேதான் கூட்டம். அந்த மாதத்தில் எங்க காலேஜ் பின்பக்கம் ஓ.சி. சாப்பாடு போடுகிற கல்யாண மண்டபம் மாதிரி.

அதிலும் அந்த ஆர்.ஓ. தண்ணீர் ஒரு ஸ்பெஷல் ஐட்டம். நாம குடிக்கிற தண்ணீரிலிருந்து பிரித்த உப்பெல்லாம் அதில்தானே இருக்கு! சேற்றில் எட்டு, பத்து வண்ணத்துப்பூச்சிகள் வரிசையாக உட்கார்ந்து உறிஞ்சிக்கொண்டிருக்கும். முக்கால்வாசி பசங்கதான், அதாவது ஆண்கள். பூந்தேனில் சோடியம் ரொம்பக் குறைவு. ஆண் இப்படிச் சேகரிக்கிற உப்பு, இணை சேரும்போது பெண்ணுக்குப் போய், அது இடும் முட்டைகளுக்கும் சேர்கிறது. ஆர்.ஓ. வேஸ்டை என்ன செய்வது என்று மினி புராஜெக்ட் பண்ணின எங்க செட்டில் ஒருத்தனுக்கும் இந்த ஐடியா வரலை.

முன்பக்கத்தில் கொரியன் புல், ராயல் பாம், இட்லிப்பூ என்று சூப்பரா ஒரு தோட்டம் இருக்கு. அங்கே ஏன் கூட்டம் இல்லை? இட்லிப்பூ வெறும் ஹோட்டல். வண்ணத்துப்பூச்சி வரும், குடிக்கும், பில் கட்டாமல் போகும். அது தங்க வேண்டுமானால் முட்டையிட இடம் வேண்டும். புழுவுக்கு எல்லா இலையும் இறங்காது. வெந்தய வரியனுக்கு, அதாங்க பிளெய்ன் டைகருக்கு, எருக்கு. கறிவேப்பிலை அழகிக்கு, அதாவது காமன் மார்மனுக்கு, கறிவேப்பிலை, எலுமிச்சை, நார்த்தை குடும்பம். கொன்னை வெள்ளையனுக்குக் கொன்றை வகைகள். பெண் வண்ணத்துப்பூச்சி முன்னங்காலால் இலையைத் தட்டித் தட்டிப் பார்க்கும். ருசி பார்ப்பது காலால்! சரியான செடி என்று தெரிந்தால்தான் முட்டை. கறிவேப்பிலையில் பறவை எச்சம் மாதிரி ஏதாவது ஒட்டியிருந்தால் துடைத்துவிடாதீங்க. அது இந்த அழகியோட சின்ன வயசுப் புழுவாக இருக்கலாம். கொஞ்சம் வளர்ந்து பச்சையானதும் லேசாகத் தொட்டுப் பார்த்தேன். தலைக்குப் பின்னால் சிவப்பாக ரெண்டு கொம்பு நீட்டி, ஒரு புளிச்ச நாற்றம் விட்டது. ஹாஸ்டல் ரூம் ஷூ ரேக்கெல்லாம் பக்கத்தில் நிற்க முடியாது.

சரி, போட்டோ மேட்டருக்கு வருவோம். என் முதல் நூறு போட்டோவும் குப்பை. காரணம், நான் போனது மதியம். வெயில் ஏறிவிட்டால் அதுக ஒரு இடத்தில் நிற்காது. அதுகளோட உடம்பு வெளிச்சூட்டை நம்பி ஓடுகிற இன்ஜின். காலையில் ஏழரையிலிருந்து ஒன்பது வரை, இறக்கையை விரித்து வெயில் காய்ந்து, பறக்கும் தசைகள் சூடானால்தான் டேக்-ஆஃப். அந்த வார்ம்-அப் நேரம்தான் நம்ம நேரம். அப்போது நம்ம நிழல் அது மேல் விழவே கூடாது. விழுந்தால் பறவை வந்துவிட்டது என்றுதான் அது நினைக்கும். நின்றுகொண்டு மேலிருந்து எடுக்காமல், உட்கார்ந்து, முடிந்தால் படுத்து, அதன் கண் உயரத்துக்கு இறங்கணும். (வாட்ச்மேன் அண்ணன் பார்த்தது இந்த போஸைத்தான்.) போனில் மேக்ரோ மோடு போட்டு மூக்கு முட்டுகிற அளவுக்குப் போகாதீங்க. ரெண்டடி தள்ளியிருந்து 2எக்ஸ் ஜூமில் எடுத்து, அப்புறம் கிராப் பண்ணிக்கலாம்.

சிவில் டிபார்ட்மென்ட் நண்பன் அவனோட டி.எஸ்.எல்.ஆரை ரெண்டு வாரம் கடன் கொடுத்தான். வாடகை, தினமும் ஒரு பரோட்டா. ஷட்டர் 1/800, அப்பர்ச்சர் எஃப்/8 வைத்தேன். இறக்கை எந்தக் கோணத்தில் இருக்கோ, லென்ஸையும் அதற்கு நேராகப் பிடித்தால்தான் முழு இறக்கையும் ஷார்ப்பாக விழும். இறக்கை மூடியிருக்கும்போதும் ஒண்ணு எடுக்கணும். பல வகைகளைப் பெயர் கண்டுபிடிக்க அடிப்பக்க டிசைன்தான் சாட்சி. நான் இதைத் தெரிந்துகொள்வதற்குள் நாலு வகை போட்டோ வீணாப் போச்சு.

பெயர் கண்டுபிடிப்பதில் நான் வாங்கின பல்பு ஒண்ணு சொல்லணும். கறுப்பு இறக்கை, பின்னாடி சிவப்புப் புள்ளிகள். ‘கிரிம்ஸன் ரோஸ்’ என்று ஸ்டேட்டஸ் வைத்தேன். பக்கத்து ஆர்ட்ஸ் காலேஜில் ஜுவாலஜி படிக்கும் ஸ்கூல் ஃப்ரெண்ட் ஒரே வரியில் ரிப்ளை போட்டாள்: “உடம்பைப் பாருடா லூசு, கறுப்பா இருக்கு.” கிரிம்ஸன் ரோஸுக்கு உடம்பே சிவப்பு. என்னுடையது அதே கறிவேப்பிலை அழகிதான். பெண் மட்டும் வேஷம் போடும்! ரோஸ் வகைகளின் புழு ஆடுதீண்டாப்பாளை, ஈஸ்வரமூலி மாதிரி விஷச் செடிகளைத் தின்று வளர்வதால், பறவைகள் அதைத் தொடாது. விஷமே இல்லாத கறிவேப்பிலை அழகி அந்த டிரெஸ்ஸை மட்டும் காப்பியடித்துத் தப்பிக்கிறது. ‘டபுள்செக்ஸ்’ என்ற ஒரே ஒரு ஜீன்தான் இந்த முழு வேஷத்துக்கும் சாவி என்று பெங்களூரு என்.சி.பி.எஸ்.ஸைச் சேர்ந்த கிருஷ்ணமேக் குண்டேயும் சக ஆய்வாளர்களும் 2014-ல் ‘நேச்சர்’ இதழில் எழுதினார்கள். அரியர் வைக்காமல் காப்பியடிக்க இயற்கையிலேயே வழி இருக்கு மக்கா!

இனி சொல்லப் போறதை விட்டுடலாமான்னு யோசித்தேன். விடக் கூடாது.

கூட்டுப்புழு உடைந்து வண்ணத்துப்பூச்சி வெளியே வருவதை வீடியோ எடுக்கணும் என்று ஆசை. நார்த்தையில் ஒரு கூடு கறுத்து, உள்ளே இறக்கையோட டிசைன் தெரிய ஆரம்பித்தது. மறுநாள் விடியறதுக்குள் வந்துவிடும் என்பதற்கு அதுதான் அடையாளம். ராத்திரி தோட்டத்தில் உட்கார வார்டன் விட மாட்டார். குச்சியோடு வெட்டி ரூமுக்குக் கொண்டுவந்தேன். ஒரு வாட்டர் பாட்டிலில் டேப் போட்டு ஒட்டி, டேபிளில் வைத்து, அலாரம் ஐந்து மணிக்கு வைத்துவிட்டுப் படுத்தேன்.

அலாரம் அடித்தது. டேப் விட்டுப்போய்க் குச்சி டேபிளில் படுத்துக் கிடந்தது. அது வெளியே வந்துவிட்டிருந்தது. வந்ததும் எதையாவது பிடித்து ஏறித் தொங்கணும். தொங்கினால்தான் உடம்பிலிருக்கும் திரவம் இறக்கை நரம்புகளில் பாய்ந்து, சுருங்கின இறக்கை விரியும். ஒரு மணி நேரம் போலக் காய்ந்தால் கெட்டியாகிவிடும். என் டேபிள் மேலே சன்மைக்கா. வழுவழு. அது எத்தனை தடவை ஏறப் பார்த்ததோ. இடது இறக்கை ரெண்டும் கசக்கிப் போட்ட பஸ் டிக்கெட் மாதிரி அப்படியே காய்ந்திருந்தது. ரூம்மேட் எழுந்து பார்த்தான். எப்போதும் கலாய்க்கிறவன், ஒண்ணும் சொல்லலை. பஞ்சில் சர்க்கரைத் தண்ணி நனைத்து வைத்தோம். மூணு நாள் குடித்தது. நாலாவது நாள் காலையில் அசையலை. ஒரே ஒரு போட்டோ எடுத்தேன். போனில்தான் இருக்கு, யாருக்கும் காட்டினதில்லை.

அக்காவிடம் சொன்னேன். திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். “செடியில இருக்குறத செடியிலயே பாரு தம்பி” என்று மட்டும் சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அடுத்த வாரம்தான் இடி. காலேஜுக்கு இன்ஸ்பெக்‌ஷன் கமிட்டி வருது, பின்பக்கப் புதரை ஜே.சி.பி. வைத்துச் சுத்தம் பண்ணி, பேவர் பிளாக் போடணும் என்று ஆர்டர். நான், சிவில் நண்பன், ரூம்மேட் மூணு பேரும் ராத்திரியோடு ராத்திரியாக ஒரு சார்ட் தயார் பண்ணினோம். மூணு வாரத்தில் நான் எடுத்த 27 வகை, ஒவ்வொன்றுக்கும் கீழே தேதி, அது நம்பியிருக்கும் செடி. காலையில் ஏ.ஓ. சார் ரூம் வாசலில் நின்றோம். கூட அக்காவும் வந்தார்.

சார் சார்ட்டை நிதானமாகத்தான் பார்த்தார். “கறிவேப்பிலை, நார்த்தை இருக்கட்டும். தும்பைகூட ஓ.கே. ஆனா எருக்கு? எருக்கு முளைச்ச இடம் உருப்படாதுன்னு சொல்லுவாங்க. காலேஜுக்குள்ள அது எதுக்குப்பா?” எங்களிடம் பதில் இல்லை. அதன் பாலில் இருக்கும் விஷத்தைப் புழு உடம்பில் சேமித்துக்கொள்வதால்தான் வெந்தய வரியனைப் பறவை தின்றாலும் வாந்தி எடுக்கும் என்றெல்லாம் நான் ஆரம்பித்தேன். அவர் முகம் இன்னும் சுருங்கிப் போச்சு. விஷம் என்ற வார்த்தையை ஏன்தான் எடுத்தேனோ!

“சார்,” என்றார் அக்கா, “பிள்ளையார் சதுர்த்திக்கு மெயின் கேட் பிள்ளையாருக்கு வருஷா வருஷம் எருக்கம்பூ மாலை எங்கேருந்து வருது? நான்தான் அங்கேருந்து கட்டித் தர்றேன்.”

ஏ.ஓ. சார் கொஞ்ச நேரம் பேசலை. அப்புறம் பேனாவை எடுத்து பிளானில் ஒரு கோடு போட்டார். சுவரை ஒட்டி நாற்பதடி நீளம், பதினைந்தடி அகலம் எங்களுக்கு. மீதிக்குப் பேவர் பிளாக். எருக்கு மூணு செடி மட்டும். முழு வெற்றி கிடையாது. ஆவாரை மொத்தமும் போச்சு, உப்புச் சேறு பாதி போச்சு. ஜே.சி.பி. வந்த அன்றைக்கு, வெட்டிச் சாய்த்த எருக்கில் கறுப்பு, வெள்ளை, மஞ்சள் பட்டை போட்ட புழுக்களைப் பார்த்த அக்கா, இலையோடு கிள்ளி முந்தானையில் ஏந்தி, மிச்சமிருந்த மூணு செடியில் விட்டார். நாங்களும் சேர்ந்துகொண்டோம். கிளாஸ் கட். அட்டெண்டன்ஸ் போனால் போகட்டும். கமிட்டி என்னவோ பின்பக்கம் வரவே இல்லை.

உங்களுக்கும் ஆசை இருந்தால் காடெல்லாம் வேண்டாம். ஹாஸ்டல் மாடியில் ஒரு தொட்டியில் கறிவேப்பிலை போதும், மருந்து அடிக்காமல் விட்டால். திருச்சிப் பக்கம் இருக்கிறவர்கள், காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில், ஸ்ரீரங்கம் மேலூரில் வனத்துறை 2015-ல் திறந்த வண்ணத்துப்பூச்சிப் பூங்காவுக்கு ஒரு நடை போய் வாங்க. 25 ஏக்கர். புழுக்களுக்கான செடியையும் தேன் செடியையும் எப்படிப் பக்கத்துப் பக்கத்தில் வைத்திருக்கிறார்கள் என்று பாருங்க, போட்டோ அப்புறம். 2019-ல் தமிழ்நாட்டின் மாநில வண்ணத்துப்பூச்சியாக அறிவித்த தமிழ் மறவனை மட்டும் எங்க பின்பக்கம் தேடாதீங்க, அது மேற்கு மலைக்காட்டு ஆள். எடுத்த படத்தைக் கேலரியில் பூட்டி வைக்காமல் ஐநேச்சுரலிஸ்ட்டில் ஏற்றிவிடுங்க. பெயர் தெரியாததற்கு யாராவது பெயர் சொல்வாங்க. செப்டம்பர் என்றால் இன்னும் நல்லது. 2020-லிருந்து அந்த மாதத்தை நாடு முழுக்க ‘பிக் பட்டர்ஃபிளை மன்த்’ என்று வைத்து ஆளாளுக்கு எண்ணிக் கணக்குக் கொடுக்கிறார்கள்.

இதை எழுதி முடித்த அன்றைக்குக் காலையில் போய் எண்ணினேன். மூணு எருக்கில் பதினோரு புழு. வாட்ச்மேன் அண்ணன் இப்போதெல்லாம் போனைக் கேட்பதில்லை. தூரத்தில் என்னைப் பார்த்ததுமே குரல் கொடுத்தார்.

“லேட்டு தம்பி! கறுப்பா ஒண்ணு வந்து இவ்வளவு நேரம் உக்காந்திருந்துட்டு இப்பத்தான் போச்சு. உடம்பு சிவப்பு. நல்லாப் பாத்தேன்!”