கல்யாணப் படத்தை வீட்டிலேயே வெட்டி ஒட்டலாம்!

மகள் கல்யாணத்தைச் செல்போனில் படம் பிடித்தாகிவிட்டது. மூன்று மணி நேரம் ஓடுகிறது. யார் உட்கார்ந்து பார்ப்பார்கள்? வெட்டிச் சுருக்க ஒரு கம்ப்யூட்டர் வேண்டும். கையில் இருப்பதோ கொஞ்சப் பணம்!

கடையில் பெட்டிக்குள் வண்ண விளக்கு மின்னும். மயங்காதீர்கள். விளக்கு படம் வெட்டாது!

"ராம் எவ்வளவு?" என்று கேளுங்கள். ராம் என்பது கம்ப்யூட்டர் வேலை செய்யும் மேஜை மாதிரி. 8 ஜி.பி. என்றால் திணறும். 16 ஜி.பி. வீட்டுக்குப் போதும். படத்தை வைக்க எஸ்.எஸ்.டி. நல்லது, சுழலும் பழைய டிஸ்க்கைவிடப் பல மடங்கு வேகம்.

பிராசசர் இன்டெல் என்றால், பெயரின் கடைசி எழுத்தைப் பாருங்கள். 'எஃப்' இருந்தால் படம் காட்டும் பகுதி அதற்குள் கிடையாது. கிராபிக்ஸ் கார்டு தனியாக வாங்க வேண்டும். செலவு ஏறும்!

ஆபீசில் கழித்த கம்ப்யூட்டர் மலிவு. தாராளமாக வாங்கலாம். ஆனால் இன்டெல் 8-வது தலைமுறைக்கு முந்தியது வேண்டாம். விண்டோஸ் 11 பெரும்பாலும் அவற்றை ஏற்பதில்லை. விண்டோஸ் 10-க்கு வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ந் தேதியோடு நின்றுவிட்டது.

படம் வெட்டும் 'ஷாட்கட்' சாப்ட்வேர் இலவசம். படம் தத்தித் தத்தி ஓடுகிறதா? அதிலேயே 'பிராக்சி' என்று சிறு நகல் எடுத்து வெட்டலாம். முடிந்த படம் அசலின் தெளிவோடுதான் வரும்.

வெட்டும் முன், தாலி கட்டும் காட்சியை வேறொரு டிஸ்க்கில் நகல் போட்டு வையுங்கள்.