அறுவடைக்கு முன்பே கேளுங்கள்... தரிசிலும் உளுந்து வரும்!

காவிரி டெல்டாவில் சம்பா, தாளடி அறுவடைக்குப் பிறகு பல வயல்கள் ஆடு, மாடு மேயக் கிடக்கின்றன. மண்ணில் மிஞ்சிய ஈரமும் தை மாதப் பனியும் இருந்தால் போதும், தண்ணீர் பாய்ச்சாமலே அங்கு உளுந்து எடுக்கலாம். டெல்டா விவசாயிகளுக்கு இது புதிதல்ல. ஆனாலும் பலர் ஆண்டுதோறும் இந்த வருமானத்தைத் தவறவிடுகிறார்கள். சரியான தகவல் சரியான நாளில் அவர்களிடம் போய்ச் சேராததும் இதற்கு ஒரு காரணம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு கிராமத்தில் இதைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினேன். முடித்ததும் பெரியவர் ஒருவர் எழுந்தார். "எல்லாம் சரிதாங்க சார். அறுத்துப் பத்து நாளாச்சு, நிலம் வெடிச்சுப் போச்சு. இப்ப வந்து சொல்றீங்களே?" என்றார். என்னால் பதில் சொல்ல முடியவில்லை. எங்கள் வசதியைப் பார்த்துத்தான் பயிற்சித் தேதியைக் குறித்திருந்தோம். அவர் வயலின் ஈரத்தைப் பார்க்கவில்லை.

எப்போது விதைப்பது?

நெல் அறுவடைக்கு 7 முதல் 10 நாட்களுக்கு முன், மண் மெழுகுப் பதத்தில் இருக்கும்போது விதையைத் தூவ வேண்டும். ஆடுதுறை 3, ஆடுதுறை 6 ரகங்கள் தரிசுக்கு ஏற்றவை. ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ விதை போதும். கிலோவுக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி கலந்து விதை நேர்த்தி செய்யுங்கள். இயந்திர அறுவடை என்றால் முளைத்த செடிகள் சக்கரத்தில் நசுங்கும். எனவே விதைக்கும் நாளையும் விதையளவையும் வேளாண் அலுவலரிடம் பேசி முடிவு செய்யுங்கள்.

பூக்கும்போது ஒரு முறையும், 15 நாள் கழித்து மறுமுறையும் 2 சதவீத டி.ஏ.பி. கரைசல் தெளியுங்கள். ஏக்கருக்கு 4 கிலோ டி.ஏ.பி.யை முதல்நாளே ஊறவைத்து, தெளிந்த நீரை மட்டும் வடித்து, மொத்தம் 200 லிட்டராக்கித் தெளித்தால் காய் பிடிப்பு கூடும்.

கணக்குப் பாருங்கள்

2025-26 பருவத்துக்கு உளுந்தின் குறைந்தபட்ச ஆதரவு விலை குவிண்டாலுக்கு 7,800 ரூபாய். ஏக்கருக்கு ஒன்றரை குவிண்டால் கிடைத்து, இந்த விலைக்கு விற்றாலே 11,700 ரூபாய். உழவு, பாசனச் செலவு இல்லை. விதை, தெளிப்பு, அறுவடைக் கூலியை மட்டும் கழித்துக்கொள்ளுங்கள். நெல் விலை ஏமாற்றினாலும் கைகொடுக்கும் இரண்டாவது வருமானம் இது. வேர் முடிச்சுகளால் மண்ணும் வளம் பெறும்.

யாரைக் கேட்பது?

உதவி வேளாண் அலுவலர் ஒருவரே பல கிராமங்களைக் கவனிக்க வேண்டியுள்ளது. அவர் வரட்டும் என்று காத்திருக்காமல், கதிர் பால் பிடிக்கும்போதே வேளாண் விரிவாக்க மையத்துக்குப் போங்கள். விதை இருப்பு, மானியம், கொள்முதல் மூன்றையும் கேளுங்கள். போக முடியாதவர்கள் கிசான் அழைப்பு மையத்தின் 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் தமிழிலேயே பேசலாம்.

விரிவாக்கப் பணியாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். பயிற்சித் தேதியைக் குறிக்கும் முன் ஒரு முறை வயலில் இறங்கி, மண்ணின் ஈரத்தைத் தொட்டுப் பாருங்கள்.